அத்தாவின் ஹெரால்டு வண்டி

தமிழ்த்துறை மலருக்குக் கட்டுரை ஒன்று தருக எனத் துறைத்தலைவர் பணித்தபோது, காப்பியம் பற்றியோ சிற்றிலக்கியம் பற்றியோ நான் எழுதித் தருவேன் என்றே அவர் எண்ணியிருப்பார். ஆண்டுதோறும் அவ்வாறே எழுதி வந்திருக்கிறேன். இவ்வாண்டு என் மனம் ஏட்டில் நிற்கவில்லை. ஒரு பழைய மோட்டார் வண்டியின் அடியிலேயே கிடக்கிறது. ஆகவே அதனையே எழுதுகிறேன். தமிழாசிரியருக்கும் வண்டிப் பட்டறைக்கும் என்ன உறவு என்று மாணவச் செல்வங்கள் நகைக்கலாம். இராவுத்தர் என்னும் சொல்லுக்கே குதிரை வீரர் என்பது பொருள். குதிரை போய்விட்டது, ஊர்தி மீதுள்ள ஆசை மட்டும் எங்கள் குடும்பத்தில் எஞ்சி நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

என் அத்தா கம்பம் பள்ளத்தாக்கில் ஏலக்காய் வணிகம் செய்தவர். குமுளி மலைப்பாதையில் வாரத்திற்கு இருமுறையேனும் ஏறி இறங்குவார். அதற்கென 1981இல் ஒருவரிடமிருந்து பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு வண்டி ஒன்றை வாங்கினார். 1970இல் செய்யப்பட்ட நான்கு கதவு வண்டி, பால்நிறம். அப்போது எனக்கு இரண்டு வயது. அந்த வண்டியின் பின்னிருக்கையில்தான் நான் வளர்ந்தேன் என்றாலும் மிகையாகாது. ஏலக்காய் மணமும் பெட்ரோல் மணமும் கலந்த ஒரு மணம் அதற்கு உண்டு. இன்றும் அம்மணம் எங்கேனும் வீசினால் எனக்குப் பள்ளிக்கூட நினைவு வரும்.

இவ்வண்டியின் குலமுறையைச் சற்றே சொல்லுதல் வேண்டும். பின்னர் வரும் செய்திக்கு அது தேவை. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்து ஸ்டாண்டர்டு டிரையம்ஃப் நிறுவனம் 1959இல் டிரையம்ஃப் ஹெரால்டு என்னும் வண்டியை வெளியிட்டது. வடிவமைத்தவர் இத்தாலியரான ஜொவான்னி மிக்கெலொட்டி. 1961 முதல் அது சென்னையை அடுத்த பெருங்களத்தூரில் ஸ்டாண்டர்டு ஹெரால்டு என்னும் பெயரில் செய்யப்பட்டது. பின்னாளில் அதற்கு நான்கு கதவுகள் வைத்தது நம் நாட்டில்தான். எஞ்சினின் கொள்ளளவு 948 சி.சி. மட்டுமே. ஆயினும் மலையேறுவதில் அது சோம்பியதில்லை என்று அத்தா சொல்வார். முன்மூடி முழுவதும், சக்கர மூடிகளோடு சேர்ந்து, முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும். திறந்தால் முதலை வாய் பிளந்தது போலிருக்கும். இருபத்தைந்து அடி வட்டத்திற்குள் திரும்பிவிடும். குமுளிப் பாதையின் கொண்டை ஊசி வளைவுகளுக்கு அதைவிட ஏற்றது வேறில்லை என்பது அத்தாவின் உறுதியான கருத்து.

இந்த ஹெரால்டுக்கு ஒரு தங்கை உண்டு. அவள்தான் ஸ்பிட்ஃபயர் என்னும் பந்தய வண்டி. ஹெரால்டின் அடிச்சட்ட அமைப்பைக் குறுக்கி, இருவர் மட்டும் அமரும் திறந்த வண்டியாக மிக்கெலொட்டி ஒரு மாதிரியைச் செய்து வைத்திருந்தார். பணமுடையால் அது மூலையில் போர்வைக்குள் கிடந்தது. 1961இல் லேலண்டு நிறுவனம் டிரையம்ஃபை வாங்கியபின், புதிதாக வந்த அதிகாரிகள் அதனைக் கண்டு உயிர் கொடுத்தனர். 1962இல் இலண்டன் கண்காட்சியில் அது வெளிவந்தது. 1965இல் பிரான்சின் லெ மான் 24 மணி நேரப் பந்தயத்தில் தன் பிரிவில் முதலிடம் பெற்றது. ஏலக்காய் மூட்டை சுமந்த எங்கள் வண்டிக்கும் லெ மானில் ஓடிய அவ்வண்டிக்கும் பின்புறக் கட்டமைப்பு ஒன்றே. இதனை நான் அறிந்தது மிகவும் பிற்பட்டு, அத்தா மறைந்த பின்னரே.

அக்கட்டமைப்பு எளிமையானது. பின்சக்கரங்கள் இரண்டிற்கும் பொதுவான ஒரே அச்சு இல்லை. நடுவிலுள்ள பற்சக்கரப் பெட்டியிலிருந்து இருபுறமும் அரை அச்சுகள் பறவையின் சிறகுபோல மேலும் கீழும் அசையும். பெட்டியின் மேல் குறுக்காக ஒரு வில்பட்டை. நம் வில்வண்டியில் உள்ளது போன்றதே. படுத்திருக்கும் திசைதான் வேறு. அதன் இரு முனைகளும் சக்கரங்களைத் தாங்குகின்றன. இவ்வளவோடு விட்டால் சக்கரம் முன்னும் பின்னும் தள்ளாடும். ஆகவே ஒவ்வொரு சக்கரத்திலிருந்தும் முன்னோக்கி ஒரு கை நீண்டு சட்டத்தைப் பற்றிக்கொள்ளும். ரேடியஸ் ஆர்ம் என்பர். அக்கையின் இரு முனைகளிலும் கட்டைவிரல் பருமனில் ரப்பர்ப் புஷ் உண்டு: நடுவே எஃகுக் குழல், அதைச் சுற்றிலும் ரப்பர். ஆக இருபுறமும் சேர்த்து நான்கு. வில்பட்டையின் முனைகளில் மேலும் இரண்டு. மொத்தம் ஆறு ரப்பர்த் துண்டுகள். விலை அற்பம். ஆனால் அவை தேய்ந்தால் என்ன நேரும்? வண்டி புறப்படும்போது ஒரு சக்கரம் சற்றே முன்னோக்கி நகரும். தடையை மிதிக்கும்போது பின்னோக்கி நகரும். அஃதாவது, ஓட்டுபவர் திருப்பாமலேயே பின்சக்கரம் தானாகத் திரும்பும். நேர்ச்சாலையில் இது ஒரு சிறு நடுக்கமாகவே தோன்றும். மலை வளைவில் அப்படியன்று. இத்தகைய அச்சமைப்புக்கு இயல்பிலேயே ஒரு குறை உண்டு. வளைவில் வேகமாகச் சென்று திடீரென எரிபொருள் மிதியிலிருந்து காலை எடுத்தால், வெளிப்பக்கத்துப் பின்சக்கரம் உள்நோக்கி மடங்க முற்படும். ஸ்பிட்ஃபயருக்கு அக்குறையை ஓரளவு நீக்கும் வில்பட்டை 1970இல்தான் வந்தது. நம் நாட்டிலோ 1972இல் வந்த கசெல் வண்டியில் அவ்வமைப்பையே கைவிட்டு ஒரே அச்சாக்கிவிட்டனர். எங்கள் வண்டி இரண்டிற்கும் முற்பட்டது.

2013ஆம் ஆண்டு. அத்தாவுக்கு அப்போது வயது 74. குமுளியிலிருந்து இறங்கி வரும்போது ஒரு வளைவில் வண்டியின் பின்புறம் வழுவி, ஓரத்துக் கைப்பிடிச் சுவரில் உராய்ந்தது. இறையருளால் யாருக்கும் காயமில்லை. பின்கதவு நசுங்கியது, அவ்வளவே. செய்தி கேட்டு நான் கல்லூரியிலிருந்து விரைந்து ஊர் சென்றேன். அத்தா திண்ணையில் அமர்ந்திருந்தார். "வண்டி பின்னால இழுக்குதுப்பா. எடுக்கிறப்பவும் நிறுத்துறப்பவும் யாரோ பின்னால பிடிச்சு உலுக்கற மாதிரி இருக்கு. நாலு மாசமாவே இப்படித்தான்" என்றார்.

நான் நம்பவில்லை. நம்பாமைக்கு எனக்குக் காரணமும் இருந்தது. நகரத்துப் பட்டறை ஒன்றிற்கு வண்டியைக் கொண்டுபோனேன். சக்கரத்தைச் சுழற்றிப் பார்த்தார்கள். தடையை மிதித்துப் பார்த்தார்கள். "வண்டியில ஒண்ணுமில்லை சார், பெரியவருக்கு வயசாயிடுச்சு" என்றார்கள். கேட்க விரும்பிய விடையைக் கேட்டவன், அதன்மேல் வினவுவதில்லை. அன்று மாலையே அத்தாவிடம் சாவியைக் கேட்டு வாங்கினேன். பலவந்தமாக அன்று, மரியாதையாகத்தான். "இனி ஓட்ட வேண்டாம் அத்தா, எங்களுக்குப் பயமா இருக்கு" என்றேன். அவர் சட்டைப்பையிலிருந்து சாவியை எடுத்து, அதில் ஒட்டியிருந்த தூசியைத் துண்டால் துடைத்துத் தந்தார். "என் கையில நடுக்கமில்லப்பா" என்று ஒருமுறை சொன்னார். பிறகு அதுபற்றி அவர் பேசவில்லை.

ஐந்து ஆண்டுகள் கழித்து, 2018இல் அவர் இறையடி சேர்ந்தார். அந்த ஐந்தாண்டும் ஜும்ஆத் தொழுகைக்குக்கூடப் பேரனின் இருசக்கர வண்டியில் பின்னால் அமர்ந்தே போய் வந்தார்.

வண்டி கொட்டகையிலேயே கிடந்தது. சவூதியிலிருக்கும் அண்ணன் 2023இல் விடுமுறைக்கு வந்தபோது, "அதைப் பழைய இரும்புக்குப் போடு, இடமாவது மிஞ்சும்" என்றார். அவர் சொன்னதிலும் தவறில்லை. நானோ, ஓடும் நிலையில் இருந்தால் பழைய வண்டி சேர்ப்போர் நல்ல விலை தருவார்கள் என்று கணக்கிட்டேன். பாசத்தால் அன்று, பணக்கணக்கால்தான் பழுதுபார்க்கத் தொடங்கினேன் என்பதனை இங்கே ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

அத்தா காலத்தில் வண்டியைப் பார்த்துவந்த மேஸ்திரி, மகனோடு திருப்பூரில் சில ஆண்டுகள் இருந்துவிட்டு ஊர் திரும்பியிருந்தார். 2013இல் அவர் ஊரில் இருந்திருந்தால் இக்கட்டுரைக்கே தேவை எழுந்திராது. வயது எழுபதை நெருங்குகிறது. குழிக்குள் இறங்கினால் இளைஞர்தாம். வண்டியைத் தள்ளிக்கொண்டுபோய் அவரிடம் விட்டோம். தடைக்குழாய், கார்பரேட்டர், மின்கலம் எல்லாம் ஒரு வாரத்தில் முடிந்தன. அவற்றை விரித்துரைக்க வேண்டியதில்லை. எட்டாம் நாள் பின்புறத்தைச் சட்டத்தோடு ஜாக்கி வைத்துத் தூக்கி, முட்டுக் கொடுத்து, சக்கரங்களைக் கழற்றினார். ஹெரால்டைத் தூக்கினால் பின்சக்கரங்கள் இரண்டும் தவளைக் கால்போல உள்மடங்கித் தொங்கும். மேஸ்திரி வலப்புற ரேடியஸ் ஆர்மைக் கையால் பற்றி முன்னும் பின்னும் அசைத்தார். டக், டக் என்றது. என்னையும் பிடித்துப் பார்க்கச் சொன்னார். பிடித்தேன். என் ஒற்றைக் கைக்கே அது அரை விரற்கடை ஆடியது.

"இது எத்தனை நாளா இப்படி இருக்கும், மேஸ்திரி?" என்று கேட்டேன்.

"நின்ன வண்டியில தேயாது தம்பி. ஓடுனப்பத் தேஞ்சதுதான். ராவுத்தரய்யா இதோட எப்படித்தான் மலை இறங்குனாரோ! கை சுத்தம் இல்லேன்னா சுவத்தோட போயிருக்காது, பள்ளத்துக்கே போயிருக்கும்" என்றார்.

நான் விடை சொல்லவில்லை. அருகிலிருந்த பழைய டயரின்மேல் அமர்ந்துகொண்டேன்.

இடப்புறத்து மறைகள் மண்ணெண்ணெயில் ஊறி ஒருவாறு கழன்றன. வலப்புறத்து முன்மறை அசையவில்லை. மறையாணி, புஷ்ஷின் உள்ளிருக்கும் எஃகுக் குழலோடு துருவேறி ஒன்றாகிவிட்டது. ஸ்பேனரைத் திருப்பினால் குழலும் சேர்ந்து சுழல்கிறதே தவிர ஆணி வரவில்லை. சுத்தியும் பயனில்லை. இறுதியில் தாங்கிக்கும் கைக்கும் நடுவே ஆக்சா பிளேடை நுழைத்து, இருபுறமும் ஆணியையே அறுத்தார். ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. மூன்று பிளேடுகள் முறிந்தன. கை வெளியே வந்ததும் அதன் கண்ணுக்குள் விளக்கைக் காட்டிப் பார்த்த மேஸ்திரி, "இது யார் வேலை?" என்றார்.

ரப்பர் பெரும்பகுதி தூளாகிப் போயிருந்தது. அந்த இடைவெளியில், சைக்கிள் டியூபைச் சீராகக் கத்தரித்து, ஒன்றன்மேல் ஒன்றாக மடித்துத் திணித்து, மெல்லிய கம்பியால் சுற்றி முறுக்கியிருந்தது. பட்டறைக்காரர் செய்யும் வேலையன்று அது. கம்பியின் முடிச்சை நான் அறிவேன். ஏலக்காய் மாதிரிப் பொட்டலங்களை அத்தா கட்டும் முடிச்சு; இருமுறை சுற்றி, நுனியை உள்ளே மடித்துவிடுவார், வாங்குபவர் கையைக் குத்தாதிருக்க.

வீட்டிற்கு அதனை எடுத்துச் சென்று அம்மாவிடம் காட்டினேன். அம்மா கண்ணாடி போட்டுப் பார்த்தார். "ஒரு மத்தியானம் கொட்டகையில பாயைப் போட்டு வண்டிக்கடியில படுத்திருந்தார். இந்த வயசுல எதுக்குன்னு கேட்டேன். இடுப்புதான் கெட்டிருக்கு, கட்டிட்டேன்னார். உன்கிட்டச் சொல்லவேணாம்னார்."

"நான் சாவியை வாங்குறதுக்கு முந்தியாம்மா?"

"இல்ல, பிந்தித்தான். சாவி இல்லாமத்தானே சும்மா கிடந்துச்சு."

என் எம்.ஃபில். ஆய்வு பாடவேறுபாடுகளைப் பற்றியது. ஓலையைக் காணாமல் பாடத்தைத் திருத்தாதே என்று மாணவர்க்கு இருபதாண்டுகளாகச் சொல்லி வருகிறேன். ஏட்டில் ஓர் எழுத்துப் பிழைத்திருந்தால் எழுதியவன் பிழையா, படியெடுத்தவன் பிழையா, செல் அரித்ததா என்று மூன்று முறை நோக்குவேன். அத்தாவின் சொல்லை அவ்வாறு நான் நோக்கவில்லை. வண்டிக்கடியில் ஒருமுறை படுத்து, அக்கையை ஒருமுறை பற்றி அசைத்திருந்தால் போதும். அவர் 74 வயதில் படுத்துப் பார்த்தார். எனக்கு அப்போது 34.

புதிய புஷ்கள் கிடைப்பது அரிதாக இருந்தது. சென்னையில் தேடியும் சரியான அளவு அகப்படவில்லை. அப்போதுதான் ஹெரால்டின் தங்கை துணைக்கு வந்தாள். ஸ்பிட்ஃபயர் 1980 வரை செய்யப்பட்ட வண்டி. இங்கிலாந்தில் அதனை இன்றும் பேணுவோர் பலர். அதற்குரிய உதிரி உறுப்புகள் அங்கே இன்றும் செய்து விற்கப்படுகின்றன. ரேடியஸ் ஆர்ம் புஷ் இரு வண்டிகளுக்கும் பொது. அந்நாட்டில் பணிபுரியும் என் பழைய மாணவர் ஒருவர் வாங்கி அனுப்பினார். ரப்பர், பாலியூரித்தேன் என இருவகை உண்டு, எது வேண்டும் என்று கேட்டார். பின்னது நெடுநாள் உழைக்கும், ஆனால் கடினம்; பந்தயத்தார் விரும்புவது. மேஸ்திரி, "நம்ம ரோட்டுக்கு ரப்பர்தான் தம்பி. குலுங்குறதை அது குடிக்கணும்" என்றார். உமணர் நெடுவழி செல்கையில் வண்டியின் அடியில் மாற்று அச்சு ஒன்றைக் கட்டிச் சென்றதைப் புறநானூறு கூறும். அம்முன்னறிவு நமக்கு வேண்டும் என்று சொல்லி, ஆறு புஷ்ஷுக்குப் பன்னிரண்டாக வரவழைத்தேன். என் மனைவிக்கு அவ்வுவமை உவப்பாக இல்லை.

பழைய ரப்பரை வைஸில் வைத்துப் பிதுக்கி எடுத்து, கண்ணைத் துருநீக்கி, புதியதைச் சோப்பு நீர் தடவி உள்ளே அழுத்தினார் மேஸ்திரி. கிரீஸ் தடவக்கூடாதாம், எண்ணெய் ரப்பரை அரித்துவிடும். முன்தாங்கியின் பின்னே இருந்த மெல்லிய தகடுகளை எடுத்த கணக்கிலேயே திரும்ப வைத்தார். சக்கரம் நோக்கும் திசையை அவையே முடிவு செய்கின்றன. ஆணிகளை நுழைத்தார், மறைகளைக் கையால் மட்டும் திருகி விட்டுவிட்டார். இறுக்கவில்லை.

காரணம் கேட்டேன். அவர் விளக்கியது எனக்குப் புதுமையாக இருந்தது. மறையை இறுக்கினால் உள்குழல் தாங்கியோடு கெட்டியாகப் பிடித்துக்கொள்ளும். பிறகு அது சுழலாது. சக்கரம் ஏறி இறங்கும் அசைவு முழுவதையும் ரப்பர் முறுகியே ஏற்கிறது. சக்கரம் அந்தரத்தில் தொங்கும்போது இறுக்கிவிட்டால், வண்டி தரையில் நிற்கும் நேரமெல்லாம் ரப்பர் முறுகியே இருந்து விரைவில் கிழியும். எனவே வண்டியைத் தரையில் நிறுத்தி, வழக்கமாக ஏறும் ஆட்களை ஏற்றி, அந்த எடையில்தான் இறுக்க வேண்டும்.

சக்கரங்களை மாட்டி, முன்னும் பின்னும் நாலடி உருட்டி, மடங்கியிருந்த சக்கரங்களை நிமிரச் செய்து, வண்டியைக் குழியின்மேல் நிறுத்தினார். நான் வீட்டிற்குச் சென்று அனைவரையும் அழைத்து வந்தேன். வழக்கமாக ஏறும் ஆட்கள் என்றால் எங்களுக்கு ஒரு வரிசை உண்டு. அம்மா பின்னிருக்கையில் இடப்புறம். அவர் பக்கத்தில் தங்கையின் இடத்தில் என் மகள். அண்ணன் இடத்தில் என் மனைவி அமர்ந்தாள். முன்னிருக்கையில் இடப்பக்கம் ஒரு காலத்தில் ஏலக்காய்ச் சாக்கு இருக்கும். அங்கே என் மகனை அமர்த்தினேன். நான் வெளியே நின்றேன்.

குழிக்குள்ளிருந்து மேஸ்திரியின் குரல் வந்தது. "வலப்பக்கம் எடை பத்தலையே தம்பி. ஓட்டுற சீட்டுல யாரு?"

ஒருவரும் பேசவில்லை. அம்மாதான், "நீ ஏறுப்பா" என்றார்.

ஏறி அமர்ந்தேன். இருக்கை அத்தாவின் உயரத்திற்கு நகர்த்தி வைத்தபடியே இருந்தது. என் முழங்கால் திசைச்சக்கரத்தில் இடித்தது. நகர்த்தலாமா என்று கேட்க நினைத்து, கேட்கவில்லை. அடியில் ஸ்பேனர் ஒவ்வொரு மறையாக முறுக்கும் ஓசை, தரை வழியாக இருக்கைக்கு ஏறி வந்தது. ஆறு மறைகள். ஒவ்வொன்றும் முடிந்ததும் மேஸ்திரி உரக்க எண்ணினார்.

மறுநாள் காலை லோயர் கேம்ப் வரை ஓட்டிப் பார்த்தேன். அங்கிருந்து அண்ணனுக்குத் தொலைபேசியில் பேசினேன். சைக்கிள் டியூபைப் பற்றிச் சொன்னேன். விற்கப்போவதில்லை என்றும் சொன்னேன். அவர் நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. பிறகு, "பின்னால ஆட்டம் நின்னுடுச்சா?" என்று மட்டும் கேட்டார்.

"நின்னுடுச்சு அண்ணே" என்றேன்.